மூடிய வழக்கைத் திறப்பது யார்?

(புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மர்ம நாவல்களைப் பற்றி இன்று பேசும்படி படிப்பு வட்டத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். "கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கொலைக் கதையா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். எந்தப் படிப்பகத்திலும் போய்ப் பாருங்கள். எந்தப் புத்தகத்தின் அட்டை முதலில் கிழிகிறது? எந்தப் புத்தகத்தின் மூலையில் எண்ணெய்க் கறையும் வெற்றிலைக் கறையும் படிந்திருக்கிறது? துப்பறியும் நாவல்தான். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற தொழிலாளி, விளக்கடியில் உட்கார்ந்து தூக்கத்தையும் விட்டுவிட்டு இதைப் படிக்கிறான் என்றால், அதில் அவனைப் பிடித்து இழுக்கிற விஷயம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது என்ன என்று பார்ப்பதே இன்று நம் வேலை.

இந்தக் கதைகளில் ஒரு வகை உண்டு. கொலை நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போலீஸ் கட்டைக் கட்டி வைத்துவிட்டது. ஒருவன் சிறையில் இருக்கிறான். அல்லது தூக்கில் தொங்கிவிட்டான். அப்போது ஒரு பழைய கடிதம் அகப்படுகிறது. யாரோ வந்து, "உண்மை அது அல்ல" என்கிறார்கள். வழக்கு மறுபடியும் திறக்கப்படுகிறது. ஒரு பெரிய வீட்டின் பூட்டிய அறையும் திறக்கப்படுகிறது. உள்ளே ஒரு குடும்ப ரகசியம்!

இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்வது ஏன்? "அநியாயமாக மூடப்பட்ட ஒன்று திறக்கப்படுகிறது" என்பதால்தான். திறக்கப்படாமல் கிடக்கிற எத்தனையோ வழக்குகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஏக்கம் கதையிலாவது தீருகிறது.

செவிலித்தாயின் கொலை

துப்பறியும் நாவல் தமிழுக்குப் புதிதல்ல. 1894ஆம் வருஷமே பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்ற போலீஸ்காரனின் கதையை எழுதிவிட்டார். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தனை அறியாத வீடு அந்தக் காலத்தில் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார் எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வும் 'திகம்பர சாமியா'ரும் சினிமாவாகவும் வந்தன.

ஆனால் இந்த வகைக் கதைக்குப் பாட்டன் யார் என்று தேடினால் பிரான்ஸ் தேசத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஒரு விதத்தில் உறவு முறை. 1963 வரை இங்கே குற்ற வழக்குகளுக்குப் பிரெஞ்சுச் சட்டந்தானே இருந்தது! எமில் கபோரியோ என்பவர் 'லெரூழ் வழக்கு' என்ற நாவலை எழுதினார். 1866இல் பாரிஸ் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து ஜனங்களிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஷெர்லாக் ஹோம்ஸ் பிறப்பதற்கு 21 வருஷம் முந்திய கதை அது.

கதை இதுதான். பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே லெரூழ் என்ற விதவை தன் குடிசையில் கொலையுண்டு கிடக்கிறாள். யார் இவள்? ஒரு காலத்தில் பெரிய வீட்டுக் குழந்தைகளுக்குப் பாலூட்டிய செவிலித்தாய். ஒரு பிரபு இருக்கிறார். அவருக்கு மனைவியிடம் ஒரு மகன், ஆசைநாயகியிடம் ஒரு மகன். இரண்டும் ஒரே சமயத்தில் பிறந்த குழந்தைகள். ஆசைநாயகியின் பிள்ளையே பட்டத்தையும் சொத்தையும் ஆள வேண்டும் என்று பிரபு நினைக்கிறார். தொட்டிலில் குழந்தையை மாற்றிவிடும்படி செவிலித்தாய்க்குப் பணம் கொடுக்கிறார். முப்பது வருஷத்துக்கும் மேலாகி, அந்த ரகசியம் தெரிந்த கிழவி கொல்லப்படுகிறாள்.

துப்பறிகிறவர் போலீஸ் அதிகாரி அல்ல. தபாரே என்ற கிழவர்; சர்க்கார் அடகுக் கடையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழைகளின் பாத்திரங்களையும் நகைகளையும் எண்ணி எண்ணிக் கண் பழகினவர்! அவர் கால் தடத்தையும் சாம்பலையும் பார்த்து, பிரபுவின் மாளிகையில் வளர்ந்த மகனே கொலைகாரன் என்று முடிவு கட்டுகிறார். மகன் கைதாகிறான். எல்லாச் சாட்சியமும் பொருந்துகிறது. விசாரணை நீதிபதிக்கோ அவன்மேல் சொந்தப் பகை; இருவரும் ஒரே பெண்ணை நேசித்தவர்கள். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தபாரேக்கு மாத்திரம் மனம் ஒப்பவில்லை. தான் மூடிய வழக்கைத் தானே மறுபடி திறக்கிறார். கடைசியில் உண்மை வெளிவருகிறது. குழந்தைகள் மாற்றப்படவே இல்லை! செவிலித்தாயின் புருஷன் அதைத் தடுத்துவிட்டான். "நானே உண்மையான வாரிசு" என்று உரிமை கொண்டாட நினைத்த இன்னொருவன், "மாற்றம் நடக்கவில்லை" என்று சொல்லக்கூடிய வாயை அடைக்கக் கிழவியைக் கொன்றிருக்கிறான்.

தோழர்களே, கதையின் மையத்தில் இருப்பது என்ன? காதலா? கோபமா? இல்லை. சொத்து! "யார் பிள்ளை?" என்ற கேள்வி "யாருக்கு நிலம்?" என்ற கேள்விதான். செத்தவள் யார்? வேலைக்காரி. பிரபு வீட்டு ரகசியத்தைக் காலமெல்லாம் வயிற்றில் சுமந்தவள். அதனாலேயே உயிரை இழந்தவள்.

நம் வீடுகளில் குடும்ப ரகசியம் உண்டா? தாலியை அடகு வைத்தது தெருவுக்கே தெரியும். கடன்காரன் வாசலில் நின்று கத்துவது அடுத்த தெருவுக்கும் கேட்கும். ரகசியம் வைத்துக்கொள்ளக் கதவும் பூட்டும் வேண்டும். பூட்டுக்குள் வைக்க ஏதாவது வேண்டும். ரகசியமும் ஒரு சொத்து. அந்தச் சொத்தை விற்றுப் பிழைத்த ஒருவரின் கதையை இனிச் சொல்கிறோம். இது நாவல் அல்ல. சென்னைப் பட்டணத்தில் நடந்தது.

வேப்பேரியில் ஒரு ரிக்ஷா

லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். முன்பு ஒரு மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமான் வரை போய் வந்தவர். 1943இல் 'சினிமா தூது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைச் செய்திகள்தான் அதன் சரக்கு. உண்மையும் இருக்கும், புளுகும் இருக்கும். பத்திரிகை சுடச்சுட விற்றது. எழுதினால் காசு, எழுதாமல் இருப்பதற்கும் காசு! நடிகர்கள் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகைக்கு லைசென்ஸ் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைக் கைக்கொண்டு அதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்தார். சினிமாக்காரர்களோடு பெரிய மனிதர்களின் குடும்ப விவகாரங்களும் அதில் வர ஆரம்பித்தன.

1944 நவம்பர் 8ந் தேதி. வேப்பேரியில் தம் வக்கீலைப் பார்த்துவிட்டு லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் திரும்புகிறார். வழி மறித்துக் கத்தியால் குத்துகிறார்கள். காயத்தோடு அவர் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறார். மறுநாள் காலை இறந்துவிடுகிறார்.

டிசம்பரில் நாடே திடுக்கிட்டது. கைதானவர்கள் யார்? தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர். மக்களைச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். கோயம்புத்தூர் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு. இவர்களோடு வேறு சிலரும். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வெளிவந்திருந்தது. அவர் கம்பிக்குள் இருந்தபோதும் சென்னை பிராட்வே கொட்டகையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி கண்டது.

வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஜூரிகளை வைத்து நடந்தது. ஸ்ரீராமுலு நாயுடுவுக்கு கே.எம். முன்ஷி பம்பாயிலிருந்து வந்து வாதாடினார், அவர் விடுதலையானார். பாகவதரும் கலைவாணரும் கொலைச் சதியில் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் 6 பேர் சொன்னார்கள். 3 பேர் இல்லை என்றார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைக்கோர்ட்டிலேயே செய்த அப்பீலும் தோற்றது. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வழக்கு மறுபடியும் திறக்கிறது

அந்தக் காலத்தில் கடைசி வாசல் லண்டனில் இருந்தது; பிரிவி கவுன்சில் என்று பெயர். அங்கே போனார்கள். கலைவாணரின் துணைவி டி.ஏ. மதுரம் அம்மையார் வீட்டோடு முடங்கிவிடவில்லை. சகஸ்ரநாமம் முதலிய கலைஞர்களோடு சேர்ந்து நாடகக் குழுவைக் கட்டிக் காத்தார். அப்பீலைச் சரியாக விசாரிக்கவில்லை, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று வழக்கு லண்டனிலிருந்து சென்னைக்குத் திரும்பியது. வக்கீல் எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்களை மறுபடி புரட்டிப் பார்த்தார்கள். 1947 ஏப்ரலில் பாகவதரும் கலைவாணரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே சாட்சிகள், அதே காகிதங்கள். 1945இல் அவை ஆயுள் தண்டனைக்குப் போதும் என்றார்கள். 1947இல் போதாது என்றார்கள். புதிதாக எந்தக் கடிதமும் அகப்படவில்லை. பார்த்த கண் மாறியது, அவ்வளவுதான்.

அந்த வழக்கில் அப்ரூவர் சாட்சியத்துக்குப் பெரிய இடம் இருந்தது. அப்ரூவர் என்றால் என்ன? "நானும் குற்றத்தில் கூட்டாளி, என்னை மன்னித்து விடுங்கள், மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கிறேன்" என்கிறவன். தொழிற்சங்கக்காரர்களுக்கு இந்த ஆசாமியை நன்றாகவே தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சதி வழக்குகள் பலவற்றிலும் கூண்டேறி நின்றவன் இவனே. தன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிப் பிறர் கழுத்தில் மாட்டுகிறவனின் வாக்கை எப்படி நம்புவது? 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமே, வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டாளியின் சாட்சியத்தை நம்பத்தகாததாகக் கொள்ளலாம் என்று எச்சரித்தது. சட்டப் புத்தகத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் காட்ட வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு? பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. எடுத்த படங்கள் ஓடவில்லை. 1959 நவம்பர் 1ந் தேதி காலமானார். கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். 'நல்லதம்பி', 'மணமகள்' என்று படங்கள் கொடுத்தார். கையில் இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு 1957இல் மறைந்தார்.

லட்சுமிகாந்தனைக் கொலை செய்யத் திட்டமிட்டது யார்? நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விரலை நீட்டியிருப்பார். இங்கே கடைசி அத்தியாயமே கிடையாது. அந்த மனிதருடைய தொழில் அசிங்கமான தொழில்தான். அதற்காக அவரைக் கத்தியால் குத்தலாம் என்று ஆகிவிடாது. அவர் பத்திரிகை பக்கம் பக்கமாகப் பிரபலங்களின் பேரை அச்சடித்தது. அவர் ஏறிப்போன ரிக்ஷாவை ஓட்டிய தொழிலாளியின் பேரை மாத்திரம் இன்று யாரும் சொல்லக் காணோம்.

திறக்காத வழக்குகள்

பாகவதருக்கும் கலைவாணருக்கும் நியாயம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷந்தான். சந்தேகம் இருந்தால் விடுதலை என்பது நல்ல தர்மம்; ஆயிரம் வருஷம் போராடி மனிதகுலம் சம்பாதித்த தர்மம். அதை யாருக்கும் மறுக்க வேண்டாம். நாம் கேட்பது வேறு. சினிமாவில் கோடி ஜனங்களுக்குத் தெரிந்த முகம், லண்டன் வரை போகக்கூடிய பணம் – இரண்டும் இருந்தும் இவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் தண்டனைக் கைதிகளாக இருக்க நேர்ந்தது. முகமும் பணமும் இல்லாதவன் அதே கூண்டில் நின்றிருந்தால்? அவன் வழக்கு முதல் கோர்ட்டோடு மூடியிருக்கும்.

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1970இல் செஷன்ஸ் கோர்ட்டு நிலச்சுவான்தார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் 10 வருஷத் தண்டனை கொடுத்தது. அவர்கள் அப்பீல் செய்தார்கள். 1973இல் ஹைக்கோர்ட் விடுதலை செய்தது. ஏராளமான நிலமும் காரும் உடைய கௌரவஸ்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்கிற போக்கில் அந்தத் தீர்ப்பு இருந்தது.

கவனியுங்கள்! இங்கேயும் அப்பீல், இங்கேயும் சாட்சியத்தில் சந்தேகம், இங்கேயும் விடுதலை. ஆனால் கண்ணால் பார்த்தோம் என்று சொன்ன கூலிக்காரரின் வார்த்தை எடுபடவில்லை. "கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான்" என்ற நம்பிக்கை எடுபட்டது. சட்டத்தின் தராசு ஒன்றுதான்; தட்டில் விழுகிற வார்த்தைக்கு எடை போடுகிறவன் கண்ணுக்கு மிராசுதாரின் வார்த்தை கனமாகவும் பண்ணையாளின் வார்த்தை லேசாகவும் தெரிகிறது.

நம் ஊருக்கே வருவோம். 1936 ஜூலை 30ந் தேதி சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியப் படை சுட்டு 12 பேரைக் கொன்றது. பட்டப்பகலில் நடந்தது. சுட்டது யார், சுடச் சொன்னது எந்த ஆட்சி என்று ஊர் முழுவதும் அறியும். துப்பறிகிறவனே தேவைப்படாத கொலை அது! தபாரே கிழவர் பூதக்கண்ணாடியோடு வந்தால் திகைத்துத்தான் போயிருப்பார். அந்த ரத்தத்துக்குப் பதில் கோர்ட்டிலிருந்து வரவில்லை. தொழிலாளர் ஒற்றுமையிலிருந்து வந்தது. மறு வருஷமே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த ஆலைகளின் சங்கு இன்று ஊதுவதில்லை. அந்த 8 மணி நேரம் மாத்திரம் நம்மிடம் இருக்கிறது, அதையும் பறிக்கப் பார்க்கிறார்கள்.

எப்படிப் படிப்பது? என்ன செய்வது?

மர்ம நாவலைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. படியுங்கள், விழித்துக்கொண்டு படியுங்கள். இந்த ரகசியத்தால் யாருக்குச் சொத்து சேருகிறது என்று கேளுங்கள். சமையற்காரன், தோட்டக்காரன், ஆயா – இவர்கள்மேல் முதல் அத்தியாயத்திலேயே சந்தேகம் விழுகிறதே, ஏன் என்று கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தானே நடக்கிறது! பெரிய வீட்டில் நகை காணாமல் போனால் முதல் அடி யார் முதுகில் விழுகிறது? கதை எழுதுகிறவரும் போலீஸாரும் ஒரே பழக்கத்தில் ஊறியவர்கள்.

நல்ல மர்ம நாவல் ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது: கண்ணுக்கு முன்னால் பொருந்துகிற சாட்சியமெல்லாம் உண்மை ஆகிவிடாது, தபாரேயைப் போல், முடிந்த முடிவையும் மறுபடி சோதிக்க வேண்டும். சிந்திக்கிற தொழிலாளிக்கு இதைவிட நல்ல பழக்கம் வேறு இல்லை.

வழக்கைத் திறப்பது கதையில் துப்பறிகிறவனின் வேலை. நிஜத்தில் அது நம் வேலை. அதற்குச் சட்டத்தில் சில கதவுகள் இருக்கின்றன. அவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையிலோ வயலிலோ ஒருவர் சந்தேகமான முறையில் இறந்தால், "அவசரம்" என்று சொல்லிப் பிணத்தை எரித்துவிட விடாதீர்கள். பிரேத பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

போலீஸ் "குற்றம் ஒன்றும் இல்லை" என்று அறிக்கை கொடுத்து வழக்கை மூடப் பார்த்தால், மாஜிஸ்டிரேட் அதை ஒப்புக்கொள்வதற்கு முன் புகார் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். 1985இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இது. அப்போது ஆட்சேப மனுப் போடலாம். மூடிய பிறகும் புதிய ஆதாரம் வந்தால் மேல் விசாரணைக்கு இடம் உண்டு; 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் அந்த வழி இருக்கிறது. மருந்து ஊசி போட்டு வாக்குமூலம் வாங்குகிற நார்கோ பரிசோதனையை, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர்கள் – இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. இது பிச்சை அல்ல, உரிமை.

ஆனால் தோழர்களே, கதவு இருக்கிறது என்பதால் அது தானாகத் திறந்துவிடாது. தனியாகப் போய்த் தட்டுகிற விதவையை நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போனால் ஐயா இல்லை என்பார்கள். அவளோடு சங்கத்தார் பத்துப் பேர் போய் நின்றால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். செவிலித்தாய் லெரூழ் தனியாகக் குடிசையில் இருந்தாள்; அவள் வாயை அடைப்பது கொலைகாரனுக்கு எளிதாயிற்று. சங்கமாக நிற்கிறவர்களின் வாயை அடைப்பது அவ்வளவு எளிதல்ல.

பெரிய வீட்டு ரகசியத்தைத் துப்பறிகிறவர் திறக்கட்டும். ஏழையின் மூடிய வழக்கை நாமே திறப்போம். நம் தெருவில், நம் வயலில், நம் ஆலையில் நடந்த சாவு எதுவும் கேட்பாரற்றுப் போகாது என்ற உறுதியோடு கலைந்து செல்வோம்!